முள்ளும் ஈர்க்கும்

செம்பனைக் கன்று நட்ட முதல் சில ஆண்டுகளில் முள்ளம்பன்றி தோட்டத்துக்குப் பெரும் தொல்லை. இரவில் வந்து கன்றின் அடியைக் கடித்துக் குருத்தைத் தின்றுவிடும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இது பழைய கதை. அந்த முட்களைக் கைவினை வகுப்புக்குக் கொண்டுவந்தால் என்ன என்ற ஆசை பெட்டி முடைகிறவர்களுக்கு வருவது இயல்பு. வட அமெரிக்காவின் அனிஷினாபே மக்கள் முள்ளம்பன்றி முள் பதித்துச் செய்யும் மரப்பட்டைப் பெட்டிகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை இன்னும் கூடும்.

வேண்டாம் என்பதே நம் கருத்து. மலாயா முள்ளம்பன்றி, மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் இல்லாமல் அதைப் பிடிப்பதும், அதன் உறுப்புகளை வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், வேலை முறையே இங்கு ஒத்துவராது.

ஹூரான் ஏரியில் உள்ள மனிட்டூலின் தீவிலும் வட மிச்சிகனிலும் இந்தப் பெட்டிகளை இன்றும் செய்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில் பிர்ச் மரத்தின் வெளிப்பட்டை இலகுவாக உரிந்து வரும். உள்பட்டையில் கத்தி படாமல் எடுத்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். வட அமெரிக்க முள்ளம்பன்றிக்குச் சுமார் 30,000 முட்கள். மெல்லியவை, உள்ளே கூடானவை. கழுவி, அளவு பார்த்துப் பிரித்து, சாயமேற்றி நீரில் ஊறவைத்தால் மெத்தென்று ஆகும். பட்டையில் ஊசியால் துளையிட்டு முள்ளை நுழைத்து, இரு முனைகளையும் உட்பக்கம் மடக்குவார்கள். பட்டை உலரும்போது துளை இறுகி முள்ளைப் பிடித்துக்கொள்ளும். பசை தேவையில்லை. முனைகள் தெரியாமல் உள்ளே இன்னொரு பட்டை. விளிம்பில் மணமுள்ள புல்லை வைத்துத் தைப்பார்கள். இந்தக் கலையில் பேர்பெற்ற அனிஷினாபே மக்களில் ஒடாவா பிரிவைச் சேர்ந்த பெண்மணி இவோன் வாக்கர் கெஷிக்குக்கு 2014இல் அமெரிக்கத் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது.

நம் பக்கத்து முள் அப்படி மடங்காது. தடித்தது, நீண்டது, விறைப்பானது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காலியில் முட்பெட்டி செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். கருங்காலிச் சட்டத்துக்குள் முட்களை நெருக்கமாக வரிசையாய் அடுக்கினார்கள், வளைக்க முயலவில்லை. கப்பல் பயணிகள் விரும்பி வாங்கிய அந்தப் பெட்டிகள் இன்றும் பழம்பொருள் சந்தையில் கிடைக்கின்றன. இரண்டும் முள் வேலைதான். ஆனால் பொருளின் குணம் கைமுறையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்காது.

பிர்ச் பட்டை உரிப்பவர்களைப் போல, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டை சீவும் அறிவு நம் தோட்டத்து மக்களுக்கும் உண்டு. பால்வெட்டும் தொழிலாளி, மரத்தின் உயிர்ப்படலத்தை ஒட்டிவரும் அளவுக்குச் சீவுவார். கட்டைவரை கத்தி போகாது. போனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், மறுபட்டையில் சீராகப் பால்வெட்ட முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த இந்த நுட்பத்தை நாம் கூலிவேலை என்ற கணக்கிலேயே வைத்துவிட்டோம். கைத்தொழில் நூல்களில் அதற்கு ஓர் அத்தியாயம் வேண்டும்.

முள்ளுக்குப் பதில் என்ன? செம்பனை ஓலையைச் சீவி விளக்குமாறு கட்டும் பெண்களைக் கேளுங்கள். ஈர்க்கின் நுனி மெலிந்து வளைந்து கொடுக்கும். அடி விறைத்து நிற்கும். நுனியை ஊறவைத்து மடக்கித் தைக்கலாம், அடியைக் காலி முறைப்படி அடுக்கலாம். தளத்துக்குப் பனையோலையோ, மலாய்க்காரர்களும் பூர்வகுடித் தெமுவான் மக்களும் பாய் முடையும் மெங்குவாங் ஓலையோ போதும். அனிஷினாபே வடிவங்களை மட்டும் பிரதி எடுக்காதீர்கள், அவை அவர்களுடைய மரபு. நமக்கு வாசல் கோலம் இருக்கிறது, தோரணம் இருக்கிறது.

பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பால்வெட்டிய, ஓலை முடைந்த மூத்தவர்கள் இருந்தால், அவர்களை இந்த ஆண்டே வகுப்புக்கு அழைத்துவாருங்கள். அவர்கள் கத்தியைப் பிடிக்கும் விதத்தைப் படம் எடுங்கள். செய்த பொருளின் அடியில் செய்தவர் பெயரை எழுதச் சொல்லுங்கள்.