‘ஃபார்மட்’ போட அப்படி என்ன அவசரம்?

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலை. எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றாள்.

“அங்கிள், அப்டேட் பண்ணேன். அதுக்கப்புறம் ஓன் ஆக மாட்டுது. கடையில காட்டினோம், ஃபார்மட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க.”

அது பழைய மடிக்கணினி. காம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருப்பதால், படிப்பை முடித்துப் போகும் மாணவர்கள் விற்றுவிட்டுச் செல்லும் கணினிகள் மலிவாகக் கிடைக்கும். அவளுடைய அண்ணன் அப்படி ஒன்றை வாங்கி, அதில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். கணினி போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் பால்மரம் சீவிய காலத்தைப் பற்றி அவளுடைய தாத்தா பேசியதை அவள் பல நாள் பதிவு செய்து அதில் வைத்திருந்தாள். தாத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை. ஃபார்மட் போட்டால் அந்தக் குரலும் சேர்ந்து அழிந்துவிடும்.

கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வரி வரியாக ஏதோ ஓடி, அப்படியே நின்றது. கடைசியில் ‘கெர்னல் பேனிக்’ என்று இருந்தது. பலர் அதைப் பார்த்ததும் பயந்து மூடிவிடுவார்கள். நான் கைத்தொலைபேசியில் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். மாணவர்களே, நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். அந்த வரிகள் கணினி எழுதி வைத்த வாக்குமூலம். எந்த இடம் வரை வந்தேன், எங்கே விழுந்தேன் என்று அது நமக்குச் சொல்கிறது.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய அனைத்தையும் செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். லினக்ஸ் கெர்னலை 1991-இல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். உங்கள் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியிலும் அதுதான் ஓடுகிறது.

பொத்தானை அழுத்தியதும் கெர்னல் நேராக வந்துவிடுவதில்லை. முதலில் தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் விழிக்கிறது. அது ‘கிரப்’ என்ற ஏற்றியை அழைக்கிறது. கிரப் கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. இங்கேதான் ஒரு வேடிக்கை. வட்டைப் படிக்கக் கெர்னலுக்குச் சில இயக்கிகள் வேண்டும். அந்த இயக்கிகளோ வட்டுக்குள்ளே இருக்கின்றன. பூட்டிய வீட்டின் சாவி வீட்டுக்குள்ளேயே கிடப்பதுபோல! இதற்காகவே கிரப், கெர்னலோடு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு பொதியையும் சேர்த்து ஏற்றுகிறது. அவசரத்துக்கு வேண்டிய சாவிகள் அந்தப் பொதியில் இருக்கும். அதைக் கொண்டு வட்டைத் திறந்த பிறகுதான் மற்றச் சேவைகள் எழுந்து, நீங்கள் பார்க்கும் நுழைவுத் திரை வரும்.

காம்பாரில் உள்ள கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு மேலே தூக்கும். பாலோங் என்ற நீண்ட சாய்வு வாய்க்காலில் அது ஓடும்போது கனமான ஈயத்தாது கீழே படியும். தாது படியவில்லை என்றால் பாலோங்கைப் பிரித்துப் போடுவார்களா? தண்ணீர் வருகிறதா, பம்பு இழுக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாகத்தான் பார்ப்பார்கள்.

அவளுடைய கணினியில் கிரப் வந்தது, கெர்னலும் ஏறியது. மூலக் கோப்பு அமைப்பை ஏற்ற முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்து, அதன் பிறகுதான் எல்லாம் நின்றது. அப்படியானால் தாய்ப்பலகை நன்றாக இருக்கிறது, கிரப் நன்றாக இருக்கிறது. சாவிப் பொதியில்தான் சந்தேகம்.

கணினியை அணைத்து, மீண்டும் திறந்தவுடன் எஸ்கேப் விசையைத் தட்டினேன். கிரப் பட்டியல் வந்தது. அதில் ‘உபுண்டுவுக்கான கூடுதல் தேர்வுகள்’ என்ற பொருள்படும் ஆங்கில வரிக்குள் நுழைந்தால், புதிய கெர்னலுக்குக் கீழே பழைய கெர்னல்களும் வரிசையாக இருந்தன. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. புதியதை நிறுவும்போது பழையதை உடனே தூக்கி எறிவதில்லை. ஃபெடோராவில் வழக்கமாக மூன்று கெர்னல்கள் வரை வைத்திருப்பார்கள். பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து நுழைவு விசையை அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் நுழைவுத் திரை வந்துவிட்டது.

அவள் முதலில் செய்தது, தாத்தாவின் பதிவுகளை விரலியில் நகலெடுத்தது. நான் சொல்லாமலே செய்தாள்.

பிறகு காரணத்தைத் தேடினோம். அந்த வட்டில் கெர்னல்களுக்கென்று தனியாக ஒரு சிறிய பகுதி பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு கெர்னல், ஒரு பொதி என்று சேர்ந்து சேர்ந்து அது நிரம்பிவிட்டது. புதிய கெர்னல் எப்படியோ உள்ளே நுழைந்துகொண்டது. பொதி எழுதும்போது இடம் போதவில்லை. புதுப்பிப்பின்போது அதற்கான எச்சரிக்கையும் வந்திருக்கிறது. அவள் படிக்கவில்லை. நானும் பல முறை படிக்காமல் விட்டவன்தான். மிகப் பழைய இரண்டு கெர்னல்களை நீக்கி (இப்போது ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் நீக்கிவிடாதீர்கள்), புதிய கெர்னலுக்கான பொதியை மறுபடி உருவாக்கச் சொன்னோம். மொத்தம் நாற்பது நிமிட வேலை.

எல்லாக் கோளாறும் இப்படி முடியாது. சில நேரம் திரை அட்டையின் இயக்கி புதிய கெர்னலுக்கு ஒத்துவராது. சில நேரம் பாதுகாப்புத் துவக்கம் கையொப்பம் இல்லாத இயக்கியைத் தடுக்கும். வட்டே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அப்போதும் விரலியிலிருந்து ஒரு லினக்ஸை இயக்கி, முடிந்த வரை கோப்புகளை வெளியே எடுத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஃபார்மட் போட்டால் எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். காரணத்தைத் தேடினால் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அவருக்கு நேரம்தான் காசு. ஆனால் அந்தப் பதிவுகள் அவருடையவை அல்ல. உங்கள் கோப்புகளுக்காக நீங்கள்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்தக் கட்டத்தில் நின்றது?

உலகமே இந்தக் கேள்வியைக் கேட்ட நாள் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி நண்பகல் 12.09-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அதைப் படிக்கும் நிரல் விண்டோஸின் கெர்னல் மட்டத்தில் ஓடியது. அது எதிர்பார்த்தது 20 உள்ளீடுகள். புதிய கோப்போ 21-ஆவதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தை எட்டிப் பார்த்த கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. மறுபடி திறந்தால் மறுபடியும் விழுந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். நம் நாட்டில் ஏர் ஆசியா பயணிகள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். காம்பார் நிலையத்தில் நின்று போகும் இடிஎஸ் இரயிலை நடத்தும் கேடிஎம்மின் டிக்கெட் முறையும் தடைப்பட்டது. ஐந்து அரசாங்க அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ பின்னர் கூறினார்.

கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் விழுந்து கிடக்கும் கணினி அந்தத் திருத்தத்தைப் பெற முதலில் எழ வேண்டுமே! அதனால் பொறியாளர்கள் பல கணினிகளுக்கு ஒவ்வொன்றாக நேரில் போனார்கள். பாதுகாப்பு முறையில் திறந்து, அந்த ஒரே ஒரு கோப்பை நீக்கி, மீண்டும் இயக்கினார்கள். 85 லட்சம் கணினிகளையும் ஃபார்மட் போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“அப்படியென்றால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே” என்று அவளுடைய அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை லினக்ஸ் கெர்னலில் 2007-இலிருந்து இருந்தது. 2016 அக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. அன்று புதுப்பிக்காதவர்கள் திறந்த கதவோடு தூங்கியவர்கள். ஆகவே புதுப்பிக்கத்தான் வேண்டும். அதற்கு முன் கோப்புகளுக்கு ஒரு நகல், கெர்னல் பகுதியில் போதிய இடம் இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

பள்ளிகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தில் கணிமைச் சிந்தனை என்று படிக்கிறோம். பெரிய சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, தோரணியைக் கண்டறிவது என்றெல்லாம் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறோம். திறக்காத கணினி ஒன்றை முன்னால் வைத்து அதைச் செய்து பார்ப்பதில்லை. இதற்குச் செலவே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளால் ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கலாம். கணினிக் கழக ஆசிரியர் அதில் உபுண்டுவை நிறுவி, இரண்டு கெர்னல்களை வைத்து, புதியதன் சாவிப் பொதியை வேண்டுமென்றே அழித்துவிட வேண்டும். பிறகு மாணவர்களை அழைத்து, “இது திறக்க மாட்டுது, பாருங்கள்” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். ஃபார்மட் என்று முதலில் சொல்லும் குழு அன்றைக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போகட்டும்.