வழிநூல் மரபும் ஆங்கிலம் கற்பித்தலும்: இரசிகர் புனைவை முன்வைத்து

தாம் விரும்பிய கதையின் மாந்தரையும் களத்தையும் கொண்டு வாசகரே புதிய கதை எழுதி இணையத்தில் வெளியிடுவது இரசிகர் புனைவு எனப்படும். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்க மேலைநாட்டார் இதனைக் கையாள்கின்றனர். புதுச்சேரியின் ஊரகப் பள்ளிகளில் இம்முறை பயன்தர வேண்டுமாயின் மூலக்கதை தமிழ்க்கதையாக இருத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இளையோரின் இணையப் புனைவுகளை ரெபெக்கா பிளாக் 2008இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஆங்கிலம் தமக்குப் புதிது என எழுதியவர் தெரிவித்தபோது, வாசகர்கள் பிழைகளைச் சுட்டியும் ஊக்கமளித்தும் உதவியுள்ளனர். சுவீடனின் மால்மோ பல்கலைக்கழகத்தில் ஷானன் சாரோ, பியோர்ன் சுண்ட்மார்க் இருவரும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களைக் குழுக்களாக்கி, டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலில் சொல்லப்படாத நிகழ்வுகளை எழுதச் செய்தனர். ஒவ்வொருவரும் ஒரு மாந்தரின் நோக்கில் எழுதினர். அவ்வாய்வு 2016இல் வெளிவந்தது. கதை முன்பே தெரிந்திருப்பதால், எதைச் சொல்வது என்னும் தடுமாற்றம் குறைந்து எவ்வாறு சொல்வது என்பதில் கவனம் நிற்கிறது. இம்முறையின் வலிமை இதுவே.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அரசுப் பள்ளிகள் அண்மையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத மாணவருக்கு 'தி ஹாபிட்' கதையாலும் அயல், மொழியாலும் அயல். 'பொன்னியின் செல்வன்' அத்தகையதன்று. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்நாவல் 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் இளையோரை அடைந்தது. கல்கி 1954இல் மறைந்தமையால் பதிப்புரிமைத் தடையும் இல்லை. இதன் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதியதும் நோக்கத்தக்கது.

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. அப்பாகுபாட்டை இங்குப் பொருத்தினால், பூங்குழலி கூறாத ஒன்றை ஆங்கிலத்தில் எழுதும் மாணவி விரித்தலையும் மொழிபெயர்ப்பையும் ஒருங்கே செய்கிறாள்.

தமிழ்க்கதையை ஆங்கிலத்துக்குக் கருவியாக்குவது தமிழைக் கீழ்ப்படுத்தும் எனச் சிலர் கருதலாம். திரைப்படத்தை மட்டும் கண்டு எழுதச் செய்தால் அவ்வச்சம் நியாயமானதே. எனவே உரிய அத்தியாயத்தைத் தமிழில் படித்து, வகுப்பில் தமிழில் உரையாடிய பின்னரே எழுதச் செய்தல் வேண்டும். குந்தவை இவ்வாறு பேசுவாளா என்னும் வினாவுக்கு மூலத்தில்தான் விடை உண்டு. அவ்வினா மாணவரை மீண்டும் தமிழ் நூலுக்கே அழைத்து வரும். சிறார் எழுத்துகளைப் பெயர் மறைத்து, வகுப்பினர் மட்டுமே காணும் இணையப் பக்கத்தில் வெளியிடுதல் நலம்.

நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் பதிவு செய்கிறது. ஒரு பொருளை இருமொழியில் எழுதுதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆகவே இப்பணியை ஆங்கில ஆசிரியரிடம் மட்டும் விட்டுவிடாமல், மூலப்பகுதிகளைத் தெரிந்தெடுப்பதிலும் மாணவர் எழுத்தை மதிப்பிடுவதிலும் தமிழாசிரியரும் தமிழ்த்துறைகளும் பங்கேற்றல் வேண்டும். அப்பங்கேற்பு இல்லையேல் தமிழ்க்கதை பயிற்சித்தாளாகச் சுருங்கிவிடும்.