நாட்டுப் பாடல் இதழுக்கு மதிப்பெண் இடுவது யார்?

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், கல்லங்குறிச்சி)

பரிசு பெற்ற ஒன்றைக் குறை கூறுவது எளிதன்று. அந்தப் பரிசைப் பெற்றவர்களுள் நாமும் ஒருவராக இருந்துவிட்டால் அது இன்னும் கடினம். ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு நானும் என் நண்பர்கள் ஐவரும் சேர்ந்து நாட்டுப் பாடல்களுக்கென்றே ஓர் இதழ் உருவாக்கினோம். முப்பத்திரண்டு பக்கங்கள், வண்ண அட்டை. எங்கள் ஊர்களில் பாடப்படும் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றைச் செல்பேசியில் பதிவு செய்து, எழுத்தில் இறக்கி, கணினியில் அச்சுக் கோத்து, ஐம்பது படிகள் நகல் எடுத்தோம். வெளியூரில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பினோம். இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர்கள் எங்களைப் பாராட்டிச் சொன்ன காரணங்களுள் ஒன்று, "பிழையற்ற தமிழ்" என்பது.

அந்தப் பாராட்டுத்தான் எங்கள் இதழின் மிகப் பெரிய பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர் என் அப்பாயி. அவருக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே அப்பாயியைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, புளிய மரத்தடியில் உட்கார வைத்துத்தான் பாட்டைப் பதிவு செய்தேன். தாத்தா இறந்தபோது தாமே கட்டிப் பாடியது அது. கிணறு வெட்டிய தாத்தாவின் கைகளைப் பற்றிய ஒரு பகுதி அதில் வரும். அங்கே அவர் "சுக்காம்பாற" என்று பாடினார். எங்கள் ஆசிரியர் குழுவில் அந்தச் சொல் கொச்சை என்று ஒருவர் சொன்னார். ஓசை இடறுகிறது என்று இன்னொருவர் சொன்னார். அதை நீக்கிவிட்டுக் "கற்பாறை" என்று எழுதியது நான்தான். அதேபோல் இன்னும் பதினைந்து, இருபது சொற்களைத் திருத்தினேன். பாட்டு அழகாகிவிட்டது என்று மகிழ்ந்தேன்.

பரிசுச் செய்தியோடு வீட்டுக்கு வந்து அப்பாயிக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். "இது யாரு பாடுனது சாமி?" என்று கேட்டார். "நீ பாடியதுதான் அப்பாயி" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கற்பாறயா? ஒங்க தாத்தா ஒடச்சது சுக்காம்பாறய்யா. கற்பாறன்னா வெடி வெச்சிருப்பாங்க. அவரு கடப்பாரையால இல்ல ஒடச்சாரு?" என்றார்.

நண்பர்களே, அந்த ஒரு கேள்வியில் எங்கள் முப்பத்திரண்டு பக்கங்களும் சரிந்து விழுந்தன. நான் மாற்றியது ஒரு சொல்லை மட்டுமா? வெடிமருந்து இல்லாமல், கடப்பாரையும் கையுமாக ஒரு மனிதர் கிணறு இறக்கிய உழைப்பையே அல்லவா மாற்றிவிட்டேன்! கற்பாறை எந்த ஊரிலும் இருக்கும். சுக்கான் பாறை, அதாவது சுண்ணாம்புப் பாறை, எங்கள் மண்ணின் அடையாளம். அந்தச் சொல் போனதும் பாட்டு ஊர் பேர் இல்லாத பாட்டாகிவிட்டது.

கல்லங்குறிச்சி என்றால் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலும், அங்கே கம்பமாக நிற்கும் கல்லும், இராமநவமியில் தொடங்கும் பெருவிழாவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நிலவியல் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் வேறு வகையிலும் தெரியும். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான சுண்ணாம்புப் பாறைக்குக் கல்லங்குறிச்சிப் படிவு என்றே பெயர். 1862-ஆம் ஆண்டிலேயே பிளான்போர்டு என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இப்பகுதிப் பாறைகளை விரிவாக எழுதி வைத்தார். கிரைஃபியா என்னும் சிப்பி வகை இங்கே ஏராளம்.

அந்தச் சிப்பிக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுண்ணாம்புக் கல்லோடு கல்லாகச் சிமெண்ட் ஆலைக்குப் போய் அரைபட்டுத் தூளாவது. மற்றொன்று, எந்த இடத்தில், எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்போடு அருங்காட்சியகத்துக்குப் போவது. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். குறிப்பு இல்லாத சிப்பி மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

நாட்டுப் பாடலுக்கும் இதே இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. பாடியவர் யார், எங்கே, எந்த வேலையின்போது, எந்தத் துக்கத்தின்போது பாடினார் என்ற குறிப்பு இல்லாத பாடல் எங்கள் இதழில் அரைபட்ட தூளாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நமக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது என்ன? கண்ட அளவைக் கண்டபடி பதிவேட்டில் எழுது. எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக எண்ணைத் திருத்தாதே என்பதுதானே? வேதியியல் பதிவேட்டில் செய்ய அஞ்சும் ஒன்றைப் பாட்டிமார் பாட்டில் நாம் கூசாமல் செய்துவிட்டோம்!

இது எங்கள் ஆறு பேரோடு நிற்கும் தவறன்று. 1871-இல் சார்லஸ் கோவர் என்பவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் திருக்குறளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார்! மக்கள் வாயில் புழங்குவது எது, புலவர் ஏட்டில் எழுதியது எது என்ற வரையறை தெளிவாக இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டி வைத்த பாடல்களைக் கி.வா. சகந்நாதன் பதிப்பித்து, 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் வழியாக "மலையருவி" என்ற நூலாக வந்தது. திரட்டி வைத்ததால்தான் அவை பிழைத்தன. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது.

ஆனால் எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுபவர் பேராசிரியர் நா. வானமாமலை. 1964-இல் வெளிவந்த அவருடைய "தமிழர் நாட்டுப் பாடல்கள்" நூலில் பாடலுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டிருக்கும். பல ஊர்களிலிருந்து நண்பர்கள் திரட்டித் தந்ததைத் தம் உழைப்பாகக் காட்டிக்கொள்ளாமல் அவர்கள் பெயரையும் அச்சேற்றிய நேர்மை அது. 1969-இல் அவர் தொடங்கிய "ஆராய்ச்சி" இதழ், பெரிய நிறுவனத்தின் பணபலம் இல்லாமலும் ஓர் இதழ் அறிவுப் பணி செய்ய முடியும் என்பதைக் காட்டியது.

கடல் கடந்தும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில மலைப் பகுதியில் 1966-ஆம் ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் "பாக்ஸ்ஃபயர்" என்ற இதழைத் தொடங்கினார்கள். மக்கிய மரத்தில் இருளில் ஒளிரும் ஒருவகைக் காளானொளிக்கு அந்தப் பெயர். பாட நூலில் மனம் ஒட்டாத அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் போய் வீடு கட்டும் முறை, கை வைத்தியம், பழைய நம்பிக்கைகள், இசைக் கருவி செய்யும் விதம் எல்லாம் கேட்டு, அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதினார்கள். 1972-இல் அது நூலாக வந்தபோது உலகமே வாங்கிப் படித்தது.

அதே மலைத்தொடரின் இசைதான் "கன்ட்ரி மியூசிக்" என்று இன்று கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழிலாகியிருக்கிறது. 1927-இல் பிரிஸ்டல் என்ற ஊரில் ஒலித்தட்டு நிறுவனம் ஒன்று நடத்திய பதிவில்தான் கார்ட்டர் குடும்பத்தின் பாடல்கள் முதலில் பதிவாயின. அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பின்னர் மலையூர்களுக்கெல்லாம் சென்று பாடல்கள் திரட்டினார். லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் உடன் சென்று மெட்டுகளை நினைவில் ஏற்றி வந்தார். உரிமை கார்ட்டர் பெயரில் இருந்தது. ரிடிலின் பெயரோ நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. திரட்டியவர் பெயர் பெரிதாகவும், தந்தவர் பெயர் இல்லாமலும் போவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான் போலும். எங்கள் இதழிலும் ஆசிரியர் குழுவின் ஆறு பெயர்களும் புகைப்படத்தோடு இருந்தன. பாடிய பதினொரு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டுப் பாடல் இதழுக்கு நாங்கள் போட்ட படம் வீணை! எங்கள் பக்கத்து ஊர்களில் வீணை வாசித்து நடவு நட்டவர் உண்டா? பறையைப் போடலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். "வேண்டாம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்" என்ற குரல் எழுந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. நாமோ ஒன்றை அட்டையில் ஏற்றுகிறோம். மற்றொன்றைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்திவிடுகிறோம். பறை வேண்டாம் என்று சொன்னபோது அதை அடிக்கிறவரையே வேண்டாம் என்று சொன்னோம். அந்த நண்பன் அதன்பின் கூட்டங்களில் அதிகம் பேசவில்லை. காரணத்தைக் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

குறை சொன்னால் போதுமா? மாற்றுவழி சொல்ல வேண்டாமா? எங்களுக்கு மதிப்பெண் இட்ட முறையில் அட்டை, வண்ணம், பக்க அமைப்பு, எழுத்துப் பிழையின்மை ஆகியவையே பெரும்பங்கு பெற்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாட்டுப் பாடல் இதழை நூறு மதிப்பெண்ணுக்கு அளக்க வேண்டுமானால் இப்படி அளக்கலாம் என்பது என் கருத்து.

ஒன்று, பாடியவர் பெயர், ஊர், தொழில், பாடிய நாள், சூழல் ஆகிய குறிப்புகளுக்கு 25.

இரண்டு, பாடியபடியே சொற்களைத் தந்து, வட்டாரச் சொற்களுக்குப் பொருள் விளக்கம் கொடுப்பதற்கு 25.

மூன்று, மெட்டைக் காப்பதற்கு 15. அச்சில் மெட்டு ஏறாது. ஆனால் இன்று பக்க மூலையில் ஒரு க்யூஆர் குறியீட்டை அச்சிட்டால், செல்பேசியைக் காட்டியதும் அந்தக் குரலையே கேட்கலாம்.

நான்கு, பாடியவரின் ஒப்புதலைப் பெற்று, அவர் வெளியிட வேண்டாம் என்றதை வெளியிடாமல் விட்டு, இதழின் படியை அவர் கையில் சேர்ப்பதற்கு 15.

ஐந்து, ஒரே பாட்டு ஊருக்கு ஊர் மாறுவதைக் காட்டுவதற்கு 10. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று.

ஆறு, அட்டையும் பக்க அமைப்பும் 10. கண்ணாடி போட்ட முதியவரும் படிக்கும் அளவுக்கு எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும்.

"பேச்சுத் தமிழை அப்படியே அச்சிட்டால் மாணவர் தமிழ் கெட்டுப் போகாதா?" என்று நம் பேராசிரியப் பெருமக்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடப் பக்கம் பாடியபடி பாட்டு, வலப் பக்கம் நல்ல தமிழில் விளக்கம் என்று அமைத்தால் இரண்டும் பிழைக்கும். நம் எழுத்தில் பிழை வராமல் பார்ப்பது நம் கடமை. அவர்கள் பாட்டில் பிழை பார்ப்பதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது?

"இணையத்தில் ஆயிரம் நாட்டுப் பாடல்கள் கிடைக்கின்றனவே, இதழ் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் பலவும் மேடைக்காக மெருகேறியவை. நம் கொல்லையில் கடலைக்குக் களை எடுக்கும்போது பாடியதை அங்கே தேடிப் பாருங்கள். பாடியவர் இறந்தபின் தேடிப் பயன் இல்லை. இப்போதெல்லாம் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். கூட்டமாக நின்று களை எடுக்கும் வேலை குறைந்தால் அந்த வேலைக்குரிய பாட்டும் குறையத்தான் செய்யும்.

இந்த ஆண்டு மீண்டும் இதழ் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். அதற்கு ஒரு புது விதி வைத்திருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பாடலையும் பாடியவரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவது. அவர் "இது நான் பாடுனதுதான்" என்று சொன்னால் மட்டுமே பக்கத்தில் ஏற்றுவது. முதல் நடுவர் அவர்தான். போட்டியும் பரிசும் அதற்குப் பிறகு வரட்டும்; வராமலும் போகட்டும்.

அப்பாயி பாட்டின் பழைய பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். சென்ற வாரம் அதே புளிய மரத்தடியில் படித்துக் காட்டினேன். சுக்காம்பாறை வந்த இடத்தில் தலையை அசைத்தார். கடைசியில், "எம் பேர எங்க போட்ட?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாத அந்தக் கண்கள் அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தன.