பட்டப்படிப்பில் பொதுப் பாடம் எதற்கு?

தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-23 கல்வியாண்டு முதல், எந்தத் துறையில் பட்டம் பயில்பவராயினும் முதல் நான்கு பருவங்களிலும் பருவத்திற்கு ஒரு 'மதிப்புக் கூட்டுப் பாடம்' படித்தாக வேண்டும். தெரிவு செய்வதற்கென வைக்கப்பட்டுள்ள பட்டியலில் 'மகிழ்ச்சியாக இருக்கும் கலை', 'ஃபிட் இந்தியா', 'தூய்மை பாரதம்', 'வேத கணிதம்' ஆகியவை உள்ளன. ஒன்றிய அரசின் விளம்பரப் பலகை வாசகங்கள் வினாத்தாளின் தலைப்புகளாகிவிட்டன. வேத கணிதம் என்பது 1965இல் அச்சேறிய ஒரு நூலின் பெயர். அதில் கூறப்படும் சூத்திரங்கள் இன்று கிடைக்கும் அதர்வ வேதப் பின்னிணைப்புகளில் காணப்படவில்லை என்பதை அந்நூலின் பதிப்பாசிரியரே ஒப்புக்கொண்டுள்ளார்.

இவற்றுக்கான நேரம் எங்கிருந்து வந்தது? முன்பு மூன்றாண்டு ஆனர்ஸ் பட்டத்தில் முதன்மைப் பாடத்துக்கு 84 கிரெடிட்டுகள் இருந்தன. புதிய திட்டத்தின் முதல் மூன்றாண்டுகளில் 72 மட்டுமே. 2013இல் காங்கிரஸ் ஆட்சியின்போது திணிக்கப்பட்ட நான்காண்டுத் திட்டமும் 11 அடித்தளப் பாடங்களுடன்தான் வந்தது. மாணவர், ஆசிரியர் எதிர்ப்பால் 2014 ஜூனில் அது கைவிடப்பட்டது. பெயரை மாற்றி இப்போது மீண்டும் வந்திருக்கிறது.

இதைக் கண்டு, பொதுப் பாடமே வேண்டாம், துறைப்பாடம் மட்டும் போதும் என்று கருதும் தோழர்களும் உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது, கோரிக்கை தவறானது.

பள்ளியில் நடந்திருப்பதைப் பார்த்தால் அது விளங்கும். என்சிஇஆர்டி தனது பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமக் கோட்பாட்டை நீக்கிவிட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் 2023 ஏப்ரலில் அதைக் கண்டித்துக் கையொப்பமிட்டனர். அதே வகுப்பின் சமூக அறிவியலில் மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும் பற்றிய இயலும் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆனால் பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டு வணிகவியலுக்குச் செல்லும் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் டார்வினை எங்கே சந்திப்பாள்? இயற்பியல் பயிலும் மாணவன் சாதியின் வரலாற்றை எங்கே படிப்பான்? வசதியுள்ள வீட்டில் நூல்களும் உரையாடலும் அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். மற்றவர்க்குக் கல்லூரியின் பொதுப் பாடமே கடைசி வாய்ப்பு.

1948-49இல் இராதாகிருஷ்ணன் குழு பட்டப்படிப்பில் பொதுக்கல்வியை வலியுறுத்தியது, துறையறிவு மட்டும் பெற்றவர் ஜனநாயகத்தின் குடிமகனாக முழுமை பெறார் என்ற கவலையினாலேயே. சுற்றுச்சூழல் பாடமும் தானாக வந்ததன்று. பொதுநல வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணையே அதற்குக் காரணம். (அதுவும் பல கல்லூரிகளில் மனப்பாடத் தேர்வாகச் சுருங்கிவிட்டது என்பது வேறு செய்தி.)

ஆகவே மாணவர், ஆசிரியர் அமைப்புகள் பட்டியலைக் கிழித்தெறிவதோடு நின்றுவிடலாகாது. பரிணாமம், புள்ளிவிவரத்தைப் படித்து ஐயுறும் பயிற்சி, தொழிலாளர் சட்டம், சாதி ஒழிப்பு மற்றும் பெண் விடுதலை இயக்கங்களின் வரலாறு எனத் தமது மாற்றுப் பாடத்திட்டத்தை எழுதிக் கல்விக் குழுக்களின் முன் வைக்க வேண்டும். துறைப்பாட நேரத்தைப் பறிக்காமல் அவற்றை நடத்த வேண்டும் என்பதும், மணிக்கணக்கில் ஊதியம் பெறும் விருந்தினர் ஆசிரியர் தலையில் கட்டாமல் நிரந்தரப் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்பதும் அக்கோரிக்கையின் பிரிக்க முடியாத பகுதிகள்.