ஃபார்மட் என்னும் ஓமத்தீ

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்ற உ.வே.சாமிநாதையரிடம், கூளமாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகவும், அப்படிச் செய்ய ஆகமத்திலேயே விதி இருப்பதாகவும் சொல்லப்பட்ட செய்தியைத் தமிழ் முதுகலை பயின்றவர் எவரும் மறந்திருக்க முடியாது. ஆண்டுதோறும் நாமும் அதை வகுப்பில் சொல்கிறோம். குரல் சற்றே தழுதழுக்கத்தான் சொல்கிறோம். சொல்லி முடித்து வீடு திரும்பியதும், இயங்குதளப் புதுப்பிப்பு பாதியில் நின்றுபோன கணினியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடுகிறோம். கடை இளைஞர் திரையை அரைக்கணம் பார்த்துவிட்டு விதியை ஓதுகிறார்: "ஃபார்மட் அடிச்சிரலாம் சார்." நாம் தலையசைக்கிறோம்.

அந்தத் தலையசைப்பின் மீதுதான் நமது முதற்புகார். கடைக்காரர் அடுத்தபடி. மென்பொருள் நிறுவனங்களையும் நாம் விடப்போவதில்லை. ஆனால் வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், கண்முன் நிற்கும் ஒரே ஒரு வரியை வாசிக்க மறுப்பதும், அந்த மறுப்பையே இலக்கியத் தகுதிபோல் காட்டிக்கொள்வதும் நெடுநாளாக நம்மை உறுத்துகின்றன. "நமக்கெதுக்குங்க அந்த மெஷின் சமாச்சாரமெல்லாம்" என்று கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் பெருமிதத்தோடு சொல்கிறார்கள். ஓலையின் பதமும் எழுத்தாணியின் கூரும் தெரியாமல் பாட்டெழுதிய புலவர் யாரென்று அவர்களைக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை, இப்போது கேட்கிறோம்.

நம் துறை நண்பர் ஒருவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக்கத் திருத்திக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் ஓரிரவு புதுப்பிப்பு தொடங்கியது. முப்பது விழுக்காட்டில் நின்றது. செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகவும் கணினியை அணைக்க வேண்டாம் என்றும் திரை சொன்னது. மறுநாளும் தொடங்கியது; அதே முப்பதில் நின்றது. மூன்றாம் நாள் கடைக்குப் போயிற்று. "சி மட்டும்தான் சார் போகும். டி-ல இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கும், பயப்படாதீங்க." நண்பரும் பயப்படவில்லை. டெஸ்க்டாப்பில், திறந்தவுடன் கண்ணில் படும்படி அவர் வைத்திருந்த கோப்புறை சி-யில்தான் இருக்கிறது என்பதை அதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மாலை ஐந்து மணிக்குக் கணினி புத்தம்புதிதாக வந்தது. மூன்றாம் இயலின் திருத்தங்கள் வரவில்லை. டி-யில் தப்பியிருந்த பழைய படியைத் திறந்தால் அதில் தமிழே இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது; எழுத்துரு சி-யோடு போய்விட்டது. மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகிச் சுற்றிலும் ஆங்கில எழுத்துகள் நின்றன. எழுத்துருவை மறுநாளே தேடிப் பிடித்துவிட்டோம். திருத்தங்களைப் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கணினிக்கு நேர்ந்தது என்ன? வட்டில் இடம் போதவில்லையா, பழைய வன்பொருள் ஒன்றின் இயக்கி ஒத்துவரவில்லையா, வட்டே சாகக் கிடந்ததா? இனி எவருக்கும் தெரியாது. புதுப்பிப்பின் ஒவ்வொரு படியையும் இயங்குதளம் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போகிறது. எந்த நொடியில், எந்தக் கோப்பில் இடறியது என்பது வரை அதில் இருக்கும். அந்த நாட்குறிப்பு இருப்பதும் சி-யில்தான். நோயாளியைப் பிழைக்க வைத்ததாகச் சொல்லி மருத்துவச் சீட்டை எரித்துவிட்டோம்.

சான்று அழியாத வழக்கு ஒன்று உலகறியக் கிடக்கிறது, அதைப் பார்க்கலாம். 2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 கணினிகளுக்கு 5034441 என்ற எண்ணுள்ள புதுப்பிப்பை வெளியிட்டது. கணினி எழ மறுக்கும்போது உதவுவதற்கென்று வட்டின் ஓரத்தில் 'மீட்புப் பகுதி' என்று சிறிய தனிப்பிரிவு ஒன்று உண்டு. அதன் வழியாக நுழைந்து பிட்லாக்கர் பூட்டைத் தாண்டிவிடக்கூடிய ஓட்டையை அடைப்பதே அப்புதுப்பிப்பின் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் அதற்கு மீட்புப் பகுதியில் 250 மெகாபைட் காலியிடம் வேண்டும். ஏராளமான வீட்டுக் கணினிகளில் அவ்வளவு இடமில்லை. அந்தப் பிரிவின் அளவைப் பயனர் முடிவு செய்ததுமில்லை. பூட்டே போடாத கணினிகளுக்கும் புதுப்பிப்பு அனுப்பப்பட்டது. அது தோற்றது, மறுபடி முயன்றது, மறுபடி தோற்றது. திரையில் வந்ததோ 80070643 என்று முடியும் பிழையெண். அதன் பொருள் 'நிறுவல் தோல்வி' என்பது மட்டுமே.

நிறுவல் தோற்றது நமக்கே தெரியும். அதைச் சொல்ல எண் எதற்கு? இதைவிடச் சுவையானது, இப்புதுப்பிப்புக்கென நிறுவனமே வெளியிட்ட பக்கத்தில் இருந்தது. இடம் போதவில்லை என்ற பொருளுடைய சரியான செய்தி ஒன்று உண்மையிலேயே எழுதப்பட்டிருந்தது. பிழைச்செய்தியைக் கையாளும் நிரலிலேயே கோளாறு இருந்ததால் அதற்குப் பதிலாக இந்தப் பொத்தாம்பொதுவான எண் வரக்கூடும் என்று அங்கே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஏடெழுதியவன் சரியாக எழுதினான்; படியெடுத்தவன் பிழைத்தான். பாடபேத ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இதைவிடப் பழக்கமான நிலைமை வேறென்ன இருக்க முடியும்? தீர்வும் அதே பக்கத்தில் இருந்தது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதன்மைப் பிரிவில் 250 மெகாபைட்டைக் குறைத்து, மீட்புப் பகுதியை நீக்கி, பெரிதாக மறுபடி அமைக்க வேண்டும். பிரிவின் எண்ணை ஒன்று மாற்றி அடித்தால் வேறொரு பிரிவு போய்விடும். மீட்டெடுக்க அங்கே பொத்தான் கிடையாது. இதை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நிறுவனத்தின் நெஞ்சழுத்தம். அதற்கு நாம் எந்தச் சலுகையும் தருவதாயில்லை. ஆனாலும், மீட்புப் பகுதியே இல்லாத கணினிக்கு அப்புதுப்பிப்பு தேவையில்லை, பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற வரியும் அங்கேயே இருந்தது. அதை வாசித்தவருக்குச் செலவு ஒன்றுமில்லை.

பிழைச்செய்திகளின் இலக்கணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோன்றா எழுவாய் நமக்குப் புதிதன்று. 'வந்தேன்' என்றால் 'நான்' விகுதியில் நிற்கிறது, கேட்பவர் ஏமாறுவதில்லை. 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்ற வாக்கியத்தில் செய்தவன் எழுவாயிலும் இல்லை, விகுதியிலும் இல்லை. தவறு தானே வந்து தானே நேர்ந்திருக்கிறது. புதுப்பிப்பு வெற்றி பெற்றால் மட்டும் மொழி சட்டென்று மாறி, 'நாங்கள் உங்களுக்காக இதைச் செய்தோம்' என்று தன்மைப் பன்மை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாணவர் இப்படி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் சிவப்பு மையால் சுழித்திருப்போம்.

2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. ஆவணக் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்கள் அவர்கள். பழைய கோப்புறை தேவையற்றது என்று நிரல் முடிவு செய்து நீக்கியது. சில நாள்களில் புதுப்பிப்பை நிறுத்தினார்கள். நவம்பர் 13 அன்று திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். கோப்பிழந்ததாகப் புகார் வந்தது பத்தாயிரத்தில் ஒரு நிறுவலுக்கே என்று விளக்கம் தந்தார்கள். பத்தாயிரத்தில் ஒருவராக இருந்தவருக்கு அந்த விகிதத்தால் ஆவதென்ன? முன்னோட்டப் பதிப்பிலேயே சிலர் இதைப் பற்றி எழுதியிருந்ததும், அது எண்ணிக்கை வெள்ளத்தில் கவனிக்கப்படாமல் போனதும் பின்னர்தான் வெளியே வந்தன. அங்கேயும் குற்றம் ஒன்றுதான்: எழுதப்பட்டிருந்தது, வாசிக்கப்படவில்லை.

"அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே" என்று நண்பர்கள் சிலர் புதுப்பிப்பையே முடக்கி வைத்திருக்கிறார்கள். இது ஃபார்மட்டுக்குச் சற்றும் குறையாத மூடநம்பிக்கை. 2017 மே 12 அன்று வானாக்ரை நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு மார்ச் மாதமே வந்திருந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் புதிதை வலிந்து ஏற்றப்போய்ப் பாதியில் நிற்கும் காட்சிகளை இனியும் காணத்தான் போகிறோம்.

நாம் கேட்பது பெரிய பொறியியல் அறிவன்று. திரையில் வந்த செய்தியை எண்ணோடு சேர்த்துக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். செருகியிருக்கும் பென்டிரைவ், அச்சுப்பொறி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பல நேரம் குறுக்கே நிற்பது இவைதான். சி-யில் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். எழவே மறுக்கும் கணினியை வட்டைத் தொடாமலே ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி எழுப்பிக் கோப்புகளை வெளியே எடுக்க முடியும். எடுக்கும்போது எழுத்துருக் கோப்புறையை மறந்துவிடாதீர்கள். ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் தட்டச்சு செய்தவர்களுக்கு அதுவே பாதி உயிர். வட்டு பூட்டப்பட்டிருந்தால் மீட்புத் திறவுகோல் தேவைப்படும். அதைக் கணினி நலமாக இருக்கும்போதே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு கடைசியாக நிறுவிய புதுப்பிப்பை மட்டும் நீக்கும் வழி மீட்புத் திரையிலேயே இருக்கிறது. அதுவும் பயன்படாவிட்டால், கோப்புகளை விட்டுவைத்து இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவலாம். ஃபார்மட் இந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. நாம் அதை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறோம்.

கடை இளைஞரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. ஃபார்மட் அரைமணி நேர வேலை. காரணம் கண்டுபிடிக்க அரைநாள் ஆகலாம், கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். அரைநாளுக்குக் கூலி தர நாம் ஆயத்தமாக இல்லை. "என்னப்பா, பார்த்ததுக்கே இவ்வளவா?" என்று அவரிடம் பேரம் பேசியது நாம்தான். நாம் எதற்குக் காசு கொடுத்தோமோ அதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

நெறியாளர் பென்சிலால் திருத்திய அச்சுப்படி ஒன்று நண்பர் வீட்டுப் பரணில் கிடைத்திருக்கிறது. ஓரங்களில் எலி கடித்திருக்கிறது. மூன்றாம் இயல் முழுதாக இருக்கிறது. அண்மைக்காலத் திருத்தங்கள் அதில் இல்லை. நினைவிலிருந்து எழுதி, இம்முறை ஒருங்குறியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். புதுப்பிப்பு காத்திருக்கிறது என்று திரையின் மூலையில் ஒரு செய்தி வந்திருப்பதாக நேற்று சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். வாசித்துக் காட்டினார்.