காட்டில் கிடைத்த தோழன்

சாகசப் படம் என்றால் துப்பாக்கிச் சத்தமும் துரத்தலும் இருந்தே தீரவேண்டும் என்பது நம் மாணவர் பலரின் எண்ணம். அண்மையில் அவர்களிற் சிலருடன் அமர்ந்து "தெர்சு உசாலா" என்னும் படத்தைப் பார்த்தேன். அரைமணி நேரம் சென்றதும் ஒரு மாணவன் என் காதருகே குனிந்து, "சேர், படம் எப்போது தொடங்கும்?" என்று கேட்டான். படம் முடிந்த பின்னரும் எழுந்து செல்ல மனமின்றி அமர்ந்திருந்தவனும் அவனே.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா, சோவியத் நாட்டிலே உருவாக்கி 1975இல் வெளியிட்ட படம் இது. சிறந்த பிறமொழிப் படத்துக்குரிய ஒஸ்கார் விருதும் பெற்றது. ரஷ்யாவின் கீழ்க்கோடியிலுள்ள உசூரிக் காடுகளை அளந்து வரைபடம் தயாரிக்கச் சென்ற அர்செனியேவ் என்னும் இராணுவ அதிகாரி, தம் அனுபவங்களை நூலாக எழுதினார். அந்நூலே படத்தின் மூலம். காட்டில் அவர் சந்திக்கும் முதிய வேடர்தாம் தெர்சு. பெரியம்மைக்கு மனைவி மக்களைப் பறிகொடுத்து, தன்னந்தனியே திரிபவர்.

நமுனுக்குலையை மூடும் மூடுபனியை அன்றாடம் காணும் நமக்கே அப்படத்தின் இயற்கைக் காட்சிகள் வியப்பூட்டுகின்றன. இலையுதிர் காலத்து மரங்களின் செந்நிறமும், உறைந்த ஏரியின் வெறுமையும், கதிரவனும் திங்களும் ஒரே வானில் நிற்கும் அந்தி வேளையும் கண்ணைவிட்டு அகலா. ஆயினும் அவ்வழகு வெறும் அலங்காரமன்று. ஹன்கா ஏரிக்கரையில் இருவரும் வழிதவறுகின்றனர். பொழுது சாய்கிறது, சூறைக்காற்று எழுகிறது. தெர்சு நாணற்புல்லை அறுத்துக் குவித்து, நில அளவைக் கருவியின் முக்காலியையே தாங்கு கம்பாக்கி, ஒரு குடிலை அமைத்துவிடுகிறார். களைத்து விழுந்த அதிகாரியின் உயிர் தப்புகிறது. கற்றவரின் கருவி கல்லாதவரின் கையிலன்றோ காப்பாக மாறியது!

இராமனுக்கும் குகனுக்கும் உண்டான தோழமையைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய தோழமையே இங்கும் மலர்கிறது. தெர்சுவைக் கண்டு முதலில் நகைத்த போர்வீரர்களே பின்னர் அவர் சொற்படி நடக்கின்றனர். தங்கிச் சென்ற குடிசையில், பின்னொருநாள் வரக்கூடிய முகமறியாத வழிப்போக்கனுக்காக அரிசியும் உப்பும் தீப்பெட்டியும் வைத்துச் செல்லும் மனிதரிடம் யார்தாம் பாடம் கேளார்?

ஆனால் முடிவு நெஞ்சை வருத்துகிறது. கண்பார்வை மங்கிய தெர்சுவை அதிகாரி தம் நகரத்து வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். தண்ணீருக்கும் காசு கேட்கும் நகரத்தில் அவரால் வாழ முடியவில்லை. காடு திரும்புபவருக்கு நண்பர் அன்போடு அளித்த புதிய துப்பாக்கியே எமனாகிறது. அதற்காகவே எவனோ அவரைக் கொன்றிருக்கக்கூடும். பின்னாளில் புதைத்த இடத்தைத் தேடிவந்தால் அங்கே மரங்கள் இல்லை; புதுக் குடியிருப்புத்தான் எழுந்திருக்கிறது. அவர் வரைந்த படமும் அம்மாற்றத்துக்கு வழிகாட்டியிருக்கும் அல்லவா?

இக்கதை நம் ஊவாவுக்குப் புதிதன்று. பதுளை மாவட்டத்து மகியங்கனைக்கு அப்பால், தம்பானையில் இன்றும் வேடுவ மக்கள் வாழ்கின்றனர். அறுவை மருத்துவரான ஆர். எல். ஸ்பிட்டல் காடு காடாக நடந்து அவர்களோடு நட்புப் பூண்டு, 1924இல் வெளியான "வைல்ட் சிலோன்" முதலிய நூல்களை எழுதினார். 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது அவர்களுடைய வேட்டைக்காடு அவர்களுக்கே விலக்கப்பட்ட நிலமாயிற்று. பல குடும்பங்கள் புதிய குடியேற்றங்களுக்குச் சென்றன. முதியவர் திசாஹாமியும் சிலரும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். அவர் 1998இல் மறைந்தார்.

நாமும் இதில் வேற்றார் அல்லர். கோப்பிக்கும் தேயிலைக்கும் இம்மலைக் காடுகளை வெட்டிய கைகளில் நம் முன்னோரின் கைகளும் உண்டு. ஏவியவர் வேறு; வெட்டியவர் நாம். ஊவாவின் தென்கோடியிலுள்ள கதிர்காமத்தில் வேடர் மகளாம் வள்ளியம்மையைக் கைகூப்பித் தொழுகிறோம். வடகோடியிலுள்ள வேடரையோ நாம் அறியோம்.

மாணவர்களே, இப்படத்தைப் பாருங்கள். பின்னர் தம்பானைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், வில்லும் அம்புமாய் நிற்பவரோடு படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சற்று அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.