விற்றது கார், விடாதது செலான்

விற்றுப் பல மாதமான காருக்கு அபராதச் செலான் வருகிறது. திண்டிவனத்தைத் தாண்டி எங்கோ வேகமாகப் போனது வண்டி; குறுஞ்செய்தி வருவது புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீட்டில் இருப்பவருக்கு. காரை வாங்கிய பழைய கார் கடைக்காரரைக் கேட்டால், “பார்ட்டிகிட்ட சொல்லிட்டேன் சார், பேர் மாத்திடுவார்” என்பார். அந்தப் பார்ட்டி யார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

பழைய கார் கடைகளில் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். விலை படிந்ததும் பெயர் மாற்றத்துக்கான 28, 29, 30 எண் படிவங்கள் மேசைக்கு வரும். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்து. வாங்குபவர் பெயர் காலி, தேதியும் காலி. ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டாவது சாவி எல்லாம் கைமாறும். விற்றவரிடம் மிஞ்சுவது ஒரு டெலிவரி நோட்; அதுவும் கேட்டு வாங்கினால்தான்.

நாடு முழுக்க உள்ள வழக்கம்தான் இது. ஆனால் புதுச்சேரியில் எல்லையும் சேர்ந்துகொள்கிறது. இங்கே சாலை வரி குறைவு. வாங்குபவர் கோட்டக்குப்பத்துக்காரரோ கடலூர்க்காரரோ என்றால் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) எடுத்து, தமிழகத்தில் வரி கட்டி, டி.என். எண் வாங்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து பி.ஒய். 01 பலகையோடு, பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டுகிறார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நம் வண்டிகளோ தினமும் இரண்டு பக்கமும் போய்வருபவை; யார் நாள் கணக்குப் பார்ப்பது?

செலானோடு போனால் பரவாயில்லை. 2009-ல் நடந்த ஒரு விபத்து வழக்கில், கார் அதற்குள் பல கை மாறியிருந்தது. ஆனாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறியதுதான்; போலீஸ் முதலில் தேடிப் போனது பதிவில் இருந்த பழைய உரிமையாளரை.

தீர்வுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். பழைய வண்டி விற்கும் கடைகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அப்படிச் சான்று பெற்ற கடையிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால், அதன்பின் பொறுப்பு கடைக்காரருடையது. சான்று பெற்ற கடைகளின் பட்டியலை முதலியார்பேட்டை போக்குவரத்து அலுவலக வாசலில் ஒட்டலாமே. சான்றில்லாத கடைக்கு நோட்டீஸ் அனுப்பலாம். விற்றவர் 29-ஆம் படிவம் கொடுத்த அன்றே ‘விற்கப்பட்டது’ என்று பதிவேட்டில் குறித்து, ரசீது தரலாம். கடலூர், விழுப்புரம் அலுவலகங்களோடு பேசி மாதம் ஒரு பெயர் மாற்ற முகாமும் நடத்தலாம். 2017-ல் கேரளப் பிரமுகர்களின் சொகுசு கார்கள் போலி முகவரியில் இங்கே பதிவானதாகப் புகார் கிளம்பியபோது விசாரணைக்கு உத்தரவிட்ட நிர்வாகம்தானே இது? சாதாரண மாருதிக்காரருக்கும் அதில் கொஞ்சம் அக்கறை காட்டட்டும்.

அதுவரை, தேதி எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவரின் ஆதார் நகலும், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டும் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். உள்ளூர் விற்பனை என்றால் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது விற்றவரின் கடமை. கடைக்காரரை நம்பி அதை விட்டுவிடாதீர்கள்.